மலை வளைவில் நின்ற கார்

பனிமலை விடுதி ஒன்றில் செவலை என்றொரு பெட்டை நாய் இருந்தது. பனிச்சறுக்கு விளையாட வந்த ஒரு குடும்பம் அதற்குச் சோறு வைத்து, தங்கள் அறையிலேயே படுக்கவிட்டது. கொஞ்ச நாள் இருக்க வந்தவர்கள், பனி நன்றாக விழுகிறதென்று குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டார்கள்.

“நான் இனிமே அவங்க வீட்டு நாய், அக்கா,” என்றது செவலை, சறுக்குப் பலகை சுமக்கும் மட்டக்குதிரையிடம்.

“அவங்க கிளம்புற அன்னிக்குச் சொல்லுடி,” என்றது குதிரை.

கிளம்பும் நாளும் வந்தது. செவலைதான் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தது. குடும்பத் தலைவர் அதைத் தூக்கிக் கீழே விட்டு, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கார் புறப்பட்டது. செவலை மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடியது. குதிரையும் மனசு கேட்காமல் கூடவே ஓடியது.

மலை வளைவில் கார் நின்றது. செவலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவு திறந்தது. நாய்முடி அப்பிக் கிடந்த போர்வை ஒன்றை ஒரு கை வெளியே வீசியது. கார் போய்விட்டது.

செவலை போர்வையை மோந்து பார்த்தது. “பாத்தியாக்கா, எனக்குக் குளிருமேன்னு வண்டியை நிறுத்தியிருக்காங்க.”

“ஆமாடி, அவங்களுக்கு உன்மேல உசுரு,” என்றது குதிரை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.