கட்டையின் மேல் ஒரு எலுமிச்சம்பழம்

கன்னியப்பன் சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தான். இரண்டும் இருந்தன.

பஸ்ரா சந்தையில் வாங்கிய எலுமிச்சம்பழங்கள். குளிரில் உறைந்துபோகக் கூடாது என்று கம்பளிக் காலுறைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தான்.

வெளியே பனி. ஈரானின் இந்த மலைப்பாதை எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. அரைத்தூக்கத்தில் நடப்பது போலிருந்தது எல்லாம்.

அவன் லாரிக்கு எதிரே சாலையை மறித்து ஒரு கட்டை. கட்டைக்கு அப்பால், மூக்கோடு மூக்காக, ஒரு ரஷ்ய லாரி.

அதன் பக்கத்தில் துப்பாக்கியோடு ரஷ்ய டிரைவர் மீத்யா.

போர்க்காலம் முழுக்க இதே கட்டையருகில்தான் கைமாற்றுவார்கள். பிரிட்டிஷ் பட்டாளத்தில் டிரைவரான ஆற்காட்டுக் கன்னியப்பன் பஸ்ராவிலிருந்து ஓட்டி வந்து இறங்குவான். மீத்யா ஏறிக்கொள்வான். பூட்ஸ், டயர், டின் இறைச்சி. எல்லாம் ஜெர்மன்காரனை அடிப்பதற்கு.

முதல் தடவை, வண்டி நல்லபடியாகப் போகட்டும் என்று முன்சக்கரத்தடியில் கன்னியப்பன் ஒரு பழம் வைத்தான். மீத்யா அதை எடுத்துத் துடைத்து டீயில் பிழிந்து குடித்துவிட்டான்.

சக்கரத்துக்கு வைத்ததைக் குடிப்பானா ஒரு மனுஷன்! கன்னியப்பன் தலையிலடித்துக்கொண்டான். அடுத்த நடையிலிருந்து இரண்டு பழம் கொண்டுவந்தான். சக்கரத்துக்கு ஒன்று, டீக்கு ஒன்று.

சும்மா சொல்லக்கூடாது, மீத்யா சீக்கிரம் கற்றுக்கொண்டான். ஒருநாள் வண்டி பனியில் சிக்கிப் பின்னால் எடுக்க வேண்டி வந்தபோது, அவனே ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு வைத்தான். போகிற பக்கம் எதுவோ, பழம் அந்தப் பக்கம்.

அவர்களுக்குள் இருந்த ஒரே பொது பாஷை அதுதான்.

ஜெர்மன்காரன் தோற்றான். கூட்டாளிகளாயிருந்த வெள்ளைக்காரனும் ரஷ்யனும் ஒருவரையொருவர் முறைக்க ஆரம்பித்தார்கள். இந்த மண்ணை விட்டு யார் முதலில் போவது? அங்கே இருபது துப்பாக்கி. இங்கே இருபது. பேசக்கூடாது, கையசைக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது.

மூன்று நாள் முன்பு, இஞ்சின் உறையாமலிருக்கக் கன்னியப்பன் வண்டியைக் கிளப்பினான். அந்தச் சத்தத்துக்கே அங்கே இருபதும் நிமிர்ந்தன. அதைப் பார்த்து இங்கே இருபதும் நிமிர்ந்தன. அவன் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டான்.

இன்று காலை உத்தரவு வந்துவிட்டது. பஸ்ராவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே கப்பல். நாலு வருஷம் கழித்து வீடு.

ஆனால் வண்டியைக் கிளப்ப வேண்டுமே.

வெள்ளைத் துணி காட்டலாமா என்று கேட்டதற்கு, ஜெயித்த ராணுவம் வெள்ளைத் துணி காட்டுமா என்று துரை குதித்தார். சொல்லிவிட்டு, வளைவுக்கு அப்பால் பத்திரமாக நின்றிருந்த தன் ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார். மகராசன்.

கன்னியப்பன் கதவைத் திறந்தான்.

பக்கத்திலிருந்த ஹவில்தார் தாமோதரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எறங்காதடா! சுட்டுப்புடுவானுங்க."

"வண்டிக்குப் பழம் வைக்காம எப்படிண்ணே எடுக்கறது?"

இறங்கினான்.

அங்கே துப்பாக்கிகள் நிமிர்ந்தன. முதுகுக்குப் பின்னாலும் அதே சத்தம் கேட்டது. அவனுக்குப் பயம்தான், வேறென்ன.

பழத்தை உயர்த்திப் பிடித்தான். அந்த வெள்ளை முழுவதிலும் அது ஒன்றுதான் மஞ்சள்.

முன்சக்கரத்தருகே நின்றான். மீத்யா பார்க்கிறானா என்று பார்த்தான். பிறகு முன்சக்கரத்தைத் தாண்டி, மெல்ல நடந்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து வைத்தான்.

பனி விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

மீத்யா திரும்பித் தன் ஆட்களிடம் இரண்டே வார்த்தை சொன்னான். ஒவ்வொன்றாகத் துப்பாக்கிகள் தாழ்ந்தன. இங்கேயும் தாழ்ந்தன.

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது பழத்தைக் கட்டையின் மேல் வைத்தான். பேசக்கூடாது. விரல்களால் டம்ளரில் பிழிவது போலக் காட்டினான்.

மீத்யா சிரிக்கவில்லை. அவனுக்கும் உத்தரவு இருக்கும்.

இஞ்சின் கிளம்பியது. ஒருவரும் சுடவில்லை. வண்டியைத் திருப்ப அந்தப் பாதையில் இடமில்லை, வளைவு வரை ரிவர்ஸில்தான் போக வேண்டும். பின்சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. ஹவில்தார் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்து வழி சொல்ல, கன்னியப்பன் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.

மீத்யா கட்டையருகே வந்தான். பழத்தை எடுத்தான். முகர்ந்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சட்டைப் பையில் போட்டுக்கொள்வான் என்று கன்னியப்பன் நினைத்தான். போட்டுக்கொள்ளடா. டீயில் பிழிந்து குடியடா. அதற்குத்தானே வைத்தேன்.

மீத்யா பழத்தோடு தன் லாரியை நோக்கி நடந்தான்.

பனி வலுத்தது. லாரி ஒரு நிழலாகிவிட்டது. நிழலின் பக்கத்தில் அவன் குனிவது தெரிந்தது.

"என்னடா பண்றான் அவன்?" என்றார் ஹவில்தார், முன்னால் திரும்பி.

"சக்கரத்துக்கு வைக்கிறாண்ணே."

"எந்தச் சக்கரத்துக்கு? முன்னாடியா, பின்னாடியா?"

கன்னியப்பன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.