ஸ்கின் கலர்

எழிலரசி எழுதிய காதல் கதை வார இதழில் வந்திருந்தது. படம் வரைந்தவன் கிருபாகரன், அவளுடைய காதலன். நாயகி தன்னைப் போலவே நல்ல கறுப்பு என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். படத்திலிருந்த பெண்ணுக்கு எழிலரசியின் தெற்றுப்பல் இருந்தது. அவன் முத்தமிடும் கழுத்து மச்சம்கூட இருந்தது. தோல் மட்டும் ரோஜா நிறம்.

இதழை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

"எடிட்டர் மாத்தச் சொன்னாரா?"

"யாரும் சொல்லல எழில். கை தன்னால போயிடுச்சு. பாரேன், எவ்வளவு அழகா இருக்க!"

அவன் நிஜமாகவே பெருமைப்பட்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன்னைக் கொஞ்சியபோதெல்லாம் அவன் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

மேசையில் கிடந்த வண்ணக் குழாய்களில் ஒன்று மட்டும் நசுங்கித் தீரும் நிலையில் இருந்தது. அதை எடுத்தாள்.

"இது என்ன கலரு?"

"ஸ்கின் கலர்" என்றான் சாதாரணமாக.

மூடியைத் திருகி, மிச்சத்தைத் தன் முன்கையில் பிதுக்கித் தேய்த்தாள். தீப்பட்டுத் தோலுரிந்த இடம் போல இருந்தது. கிருபாகரன் பதறிப்போய்த் துணியை எடுத்தான்.

"கையக் காட்டு, தொடச்சு விடறேன்."

எழிலரசி கையை நீட்டினாள்.

"இதுல எதத் தொடைக்கப் போற?"