இடது கால் பாக்கி

டிக்… டிக்… டிக்.

கதவில் தபால் போடும் துவாரத்தின் வழியாக வந்தது அந்தச் சத்தம். நகம் வெட்டும் சத்தம். கூடவே ஒரு பெண்ணின் தணிந்த குரல், ஒரு கிழவரின் சிரிப்பு.

லோர்னா மணியை அழுத்தினாள்.

எல்லாம் சட்டென்று நின்றது. பிறகு காலடிகள். அவை வாசலை நோக்கி வரவில்லை. கீழே, தரைக்கும் கீழே இறங்கிப் போயின.

வெகுநேரம் கழித்து, நடக்கப் பிடித்துக்கொள்ளும் கைத்தாங்கியைத் தரையில் தேய்த்தபடி வந்து கதவைத் திறந்தார் கிளிஃபர்ட் ஹெப்டன்.

“கவுன்சில்லேர்ந்தா? வாம்மா கண்ணு, மழையில நிக்காதே.”

எண்பது தாண்டியவர். குனிய முடியாது. கண்ணும் பாதிதான். காலையும் மாலையும் நகராட்சிக் கவுன்சில் செலவில் ஒரு பணிப்பெண் வந்து கவனித்துவிட்டுப் போகிறாள். இந்த வருடம் கவுன்சிலில் பணமில்லை. ‘வேற யாராவது உதவி செய்றாங்கன்னா மாலை ஆளை நிறுத்திடு. புத்தி தடுமாறிப் போச்சுன்னா முதியோர் இல்லத்துக்கு எழுதிடு’ என்பது, நேரில் பார்த்து அறிக்கை எழுத வந்த லோர்னாவுக்கு மேலிடத்து உத்தரவு.

மாலை ஆள் வராவிட்டால் படுக்கையில் ஏறப் பிடித்துவிட ஆளில்லை. விடிய விடிய நாற்காலிதான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

உள்ளே வேறு யாரும் இல்லை. கிழவரின் வலது கால் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. இடது காலில் வளைந்து நீண்டிருந்தன.

“யாரோட பேசிட்டிருந்தீங்க, மிஸ்டர் ஹெப்டன்?”

“எட்னாவோட.”

லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். எட்னா அவருடைய மனைவி. சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“அவங்கதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே.”

“போனா என்ன? அழுக்கு நகத்தைக் கண்டா அவளுக்கு ஆகாது. செத்தும் விட மாட்டேங்கறா.”

“இதை நான் அப்படியே எழுதினா உங்களை இல்லத்துல கொண்டு போய்ப் போட்டுடுவாங்க. தெரியுதா?”

கிழவர் மாடிப்படிக்கு அடியிலிருந்த கதவை ஒருமுறை பார்த்தார்.

“எட்னாதான்,” என்றார் மறுபடியும்.

அப்போது தரைக்கடியில் யாரோ இருமலை அடக்கினார்கள்.

லோர்னா எழுந்துபோய் அந்தக் கதவை இழுத்தாள். நிலவறை, முன்பு அடுப்புக்கரி கொட்டி வைத்த இடம். படிகள் நாலைந்துக்குமேல் தெரியவில்லை, இருட்டு. முகத்தில் அடித்த குளிருக்குள்ளிருந்து, சூடாக, வெங்காயம் வதங்கும் வாசனை ஏறி வந்தது.

படக்கென்று சாத்தினாள்.

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“பழைய வீடும்மா. என்னென்னமோ கேக்கும். தனியா இருக்கறவனுக்கு எதுவும் கேக்காம இருந்தாத்தான் பயம்.”

அதற்குமேல் அங்கே உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை.

குளிர்காலம். நாலு மணிக்கே தெரு இருட்டிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி பாதிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“கவுன்சில்லேர்ந்து வர்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவரை அப்பப்போ எட்டிப் பாக்கறதுண்டா?”

“நானா? எனக்கென்ன தலையெழுத்து? அந்த வாசப்படியை மிதிச்சே ஆறு வருஷம் ஆச்சு.”

“ஒரு கப் டீயாவது…”

“ஒரு சொட்டு கிடையாது. வருஷா வருஷம் வரியை ஏத்தறீங்களே, எதுக்கு? நீங்க பாருங்க. என் பேர் நோரீன். கல்நெஞ்சக்காரின்னு கூட எழுதிக்கோங்க, எனக்கொண்ணும் இல்ல.”

இப்படியும் ஒரு ஜென்மம் என்று லோர்னாவுக்குத் தோன்றியது. குடையை விரித்தபடி சொன்னாள்:

“பாவம் அவர். செத்துப்போன பொண்டாட்டி வந்து நகம் வெட்டறதா சொல்றார். இல்லத்துக்குத்தான் எழுதணும் போல.”

கதவு முழுசாகத் திறந்தது.

“எட்னான்னா சொன்னாரு? கூறுகெட்ட மனுஷன்!” நோரீனின் குரல் உடைந்தது. “அவருக்குப் புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கும்மா. எங்கயும் அனுப்பிடாதே. அது ஆவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது வந்து…”

உள்ளிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. லோர்னா குனிந்து பார்த்தாள். நோரீனின் வீட்டுச் செருப்பெல்லாம் கரித்தூள். ஏப்ரன் பையில் நகவெட்டி பளபளத்தது.

உலகப் போர்க்காலத்தில் குண்டு விழுந்தால் தப்பித்துப் போக, ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த வரிசை வீடுகளின் நிலவறைச் சுவர்களில் ஆள் நுழையும் அளவுக்கு வழி உடைத்து வைத்தார்கள். இந்த ஊரில் பிறந்த லோர்னாவுக்கு அது தெரியாததல்ல. வாசல் வழியாகப் போனால்தான் தெரு பார்க்கும். தெரு பார்த்தால் கவுன்சிலும் பார்க்கும்.

“சொல்லாதீங்க,” என்றாள் அவசரமாக. “நீங்க சொன்னா நான் எழுதியாகணும்.”

நோரீன் நகவெட்டியை ஏப்ரன் பைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.

“மாலை ஆள் வழக்கம்போல வரும். பொண்டாட்டி நெனப்புல ரெண்டு வார்த்தை பேசறது வியாதி இல்ல. பக்கத்து வீட்டால ஒரு உதவியும் கிடையாது. அவ்வளவுதான் நான் கண்டது.”

படியிறங்கிய லோர்னா, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“எட்னாவைப் பாத்தா சொல்லுங்க. இடது கால் பாக்கி இருக்கு.”

கதவு சாத்தப்பட்டது. மழை வலுத்திருந்தது. கிளிஃபர்டின் வாசலைக் கடக்கும்போது அவள் கால் தானாக நின்றது. தரைக்கடியில் நடமாட்டம். காலடிகள் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தன. கிழவர் ஏதோ சொல்ல, “வாயை மூடு, காலை நீட்டு” என்றது அந்தத் தணிந்த குரல்.

டிக்… டிக்…