மூங்கில் மாடு

"ஊரே வந்திருக்கு. கட்டின பெண்டாட்டி வரலை பாருங்க!"

பறவைப் பாதுகாப்புச் சங்கத் தலைவரின் மனைவி கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பதாக அவளுக்கு நினைப்பு. மேடை வரை கேட்டது.

மேடையில் புகைப்படக்காரர் நெளிந்தார். பறவையைச் சுட்டுப் பஞ்சடைத்து வைப்பதற்குத்தான் ஆராய்ச்சி என்று பேர் இருந்த காலம் அது. உயிருள்ள பறவையைக் கூட்டோடு படம் பிடித்துக் காட்டியவர் அவர். அதற்காகத்தான் இன்று 'பறவை நேசர்' பதக்கம். சங்க மண்டபத்துச் சுவரெல்லாம் தலைவர் சுட்டுப் பஞ்சடைத்த பறவைகள்.

"அவ எப்படி வருவா?" என்றாள் புகைப்படக்காரரின் பக்கத்து வீட்டுக்காரி. "'இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த மாடு இருக்கணும்'னு கத்தினாளே, தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. மறுநாளே மாடு வயலுக்குப் போயிடுச்சு."

மாடு என்றால் நிஜ மாடு இல்லை. மூங்கில் சட்டத்தில் தோல் போர்த்திய பொம்மை மாடு. பறவைகளை ஏமாற்றச் செய்தது. உள்ளே ஆள் உட்கார்ந்து, மாட்டின் வாய் வழியாகப் படம் எடுக்கலாம். செய்து முடித்த பிறகுதான் அது வாசலைத் தாண்டாது என்று தெரிந்தது. கதவை நிலையோடு பெயர்த்தார்கள். மனைவி கத்தாமல் என்ன செய்வாள்?

தலைவர் பேச எழுந்தார். புகைப்படக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடலாங்களா?"

"இப்பவே வயித்தைக் கலக்குது பாருங்க," என்றாள் தலைவரின் மனைவி. "லேட்டாப் போனா வீட்டுல கச்சேரிதான்!"

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. தலைவருக்குச் சுருக்கென்றது. ராத்திரியெல்லாம் கண் விழித்து எழுதிய பேச்சு.

"அப்படி என்ன அவசரம்? உங்க அனுபவத்தை நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

புகைப்படக்காரர் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார்.

"எதிர் மரத்துல இருந்த கூட்டைப் படம் எடுக்கலாம்னு மாட்டுக்குள்ள உட்கார்ந்தேங்க. ஒரு ஈப்பிடிப்பான் குருவி ஜோடி வந்து மாட்டு முதுகுலயே கூடு கட்டிடுச்சு. என் தலைக்கு மேல இருக்கறதை நான் எப்படிப் படம் எடுக்கறது?"

மண்டபம் குலுங்கியது.

"இப்போ குஞ்சு பொரிச்சிருக்கு. இன்னும் கண்ணுகூடத் திறக்கலை. மாடு வாலை ஆட்டலைன்னா தாய்க்குச் சந்தேகம் வந்துடுது. தூரத்துலயே நின்னு கத்துது, கூட்டுப் பக்கம் வர மாட்டேங்குது. உள்ள இருந்து கயித்தை இழுத்து வாலை ஆட்டினா, உடனே வந்து ஊட்டுது. விடிஞ்சதுலேர்ந்து இருட்டற வரைக்கும் ஆட்டணுங்க. விட்டா குஞ்சுங்க பட்டினியில செத்துடும்."

தலைவர் நமட்டுச் சிரிப்புடன் சபையைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா? நீங்கதான் இங்க நிக்கிறீங்களே! அப்போ மாட்டுக்குள்ள உட்கார்ந்து வாலை ஆட்டறது யாரு?"

"என் வீட்டுக்காரிதாங்க."

முன்வரிசையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"குஞ்சு பொரிச்ச நாள்லேர்ந்து அவதான். நான் ஆட்டறது மாடு ஆட்டற மாதிரியே இல்லைன்னு என்னைக் கிட்டவே விடறதில்லை."

தலைவரின் மனைவி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"பதக்கத்தை அப்புறமா வந்து வாங்கிக்கறேனே!" மேடையிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார் புகைப்படக்காரர். "குஞ்சுங்க பட்டினி கெடக்கக்கூடாதுன்னு அவ காலையிலேர்ந்து பட்டினிங்க. நான் போய் ஊட்டிவிட்டாத்தான் உண்டு. அவளுக்கு ரெண்டு கையும் கயித்துல இருக்கு."