கழற்றி வைத்த செருப்பு

"இது வீடாலே, பஸ் ஸ்டாண்டா?"

உள்ளே நுழைந்ததுமே உலகம்மாள் கேட்டாள்.

தம்பி பிச்சையா செருப்புக் காலோடு நடுவீட்டில் நின்றான். அடுப்படியிலிருந்து வந்த அவன் மனைவி முத்துவடிவு காலிலும் செருப்பு. மகள் ஜெயபிரியா காலிலும் செருப்பு.

"டாக்டர் சொல்லியிருக்காருக்கா. சுகர்ல இவளுக்கு உள்ளங்கால் மரத்துப் போச்சு. போன சீசன்ல குற்றாலத்துல குளிச்சிட்டு வந்தா. கால்ல முள்ளு ஒண்ணு முழுசா ஏறி நிக்கி, இவளுக்குத் தெரியவே இல்ல. நான்தான் பார்த்துப் பிடுங்குனேன்."

"சரிலே, அவளுக்குச் சுகரு. நீயும் பிள்ளையும் எதுக்குப் போட்டுக்கிட்டு அலையுதிய?"

"அவ மட்டும் போட்டா, ஆள் வந்ததும் வெக்கப்பட்டுக் கழத்திருதா. நாங்களும் போட்டிருந்தா கழத்த மாட்டா."

"நல்ல நியாயம். சாமி ரூமுக்குள்ளயும் இப்படித்தானா?"

"அதுக்குத் தனிச் செருப்பு இருக்கு அத்தை" என்றாள் ஜெயபிரியா.

உலகம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஜெயபிரியாவைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து அன்று வருகிறார்கள். வரனைக் கொண்டு வந்தவள் அவள்தான். போன தடவை வந்த இடத்தில், "பொண்ணோட அம்மாவுக்குச் சுகராமே, பிள்ளைக்கும் வருமோ?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை.

காருக்கு வழி காட்ட பிச்சையா வெளிச்செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனான். ஜெயபிரியாவுக்கு வளையல் போட்டுவிடும்போது கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. உலகம்மாள் அவசரமாகச் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். கையோடு இன்னொரு வேலையையும் முடித்தாள்.

"மைனி, என் செருப்பு எங்க? குளிச்சிட்டு வாரதுக்குள்ள காணும்" என்றாள் முத்துவடிவு.

"வாஷிங் மெஷினுக்குள்ள கெடக்கு. மூணு ஜோடியும்."

"அவிய பார்த்தா சத்தம் போடுவாவ மைனி."

"ஒரு மணி நேரம்ட்டி. பிள்ளை வாழ்க்கை பெருசா, உன் கால் பெருசா?"

முத்துவடிவு தன் காலைப் பார்த்தாள். பிறகு காப்பி போடப் போனாள்.

கார் வந்து நின்றது. வெளியே சாரல். மாப்பிள்ளை சந்தோஷ்குமார் முதலில் இறங்கினான். அவன் அம்மா நிர்மலாதேவி இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தாள்.

உலகம்மாள் தம்பியின் காதைக் கடித்தாள்.

"பாத்தியா, செருப்பக் காருலயே விட்டுட்டு வாராவ. மரியாதைன்னா இது. நீயும் இருக்கியே!"

பேச்சு நன்றாகவே போனது. நிர்மலாதேவிக்கு ஜெயபிரியாவைப் பிடித்துவிட்டது. "பேசி முடிச்சிட்டு, அப்படியே எல்லாருமா ஐந்தருவிக்குப் போயிட்டு வருவோமா?" என்றுகூடக் கேட்டாள்.

முத்துவடிவு காப்பித் தட்டோடு சிரித்த முகமாக வந்தாள்.

சந்தோஷ்குமார் தம்ளரை எடுக்கவில்லை. தரையையே பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். அடுப்படியிலிருந்து அவள் நிற்கும் இடம் வரை, வெள்ளை டைல்ஸில் சிவப்புச் சிவப்பாய்த் தடம்.

முத்துவடிவும் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, குங்குமத்த யாரு கொட்டுனது?"

பிச்சையா ஓடிப்போய் அவளை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தான். பச்சை வளையல் சில்லு ஒன்று குத்தி நின்றது.

"செருப்பு எங்கட்டி?"

உலகம்மாள் வாஷிங் மெஷின் பக்கம் பார்த்தாள்.

"நான்தான் கழத்தி வச்சேன்" என்றாள் முத்துவடிவு.

நிர்மலாதேவி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னாள். கடையத்துக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

புண் ஆறவில்லை. பழுத்து மேலே ஏறியது. திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள்.

கடையத்திலிருந்து போன் இல்லை. கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை. ஊருக்குப் போகாமல் உலகம்மாள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். வாஷிங் மெஷினைப் பற்றி அவளும் சொல்லவில்லை, முத்துவடிவும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வார்டுக்குள் நிர்மலாதேவி வந்தாள். பின்னால் பழப்பையோடு சந்தோஷ்குமார்.

உலகம்மாள் எழுந்தாள். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"உங்க மனசு கோணியிருக்கும். அன்னைக்கு எங்க வீட்டுல அப்படி ஆயிப் போச்சு…"

"சம்பந்தத்தப் பத்திப் பேச வரல. அது முடிவானதுதான், நீங்க சரின்னா" என்றாள் நிர்மலாதேவி. "முன்னாடியே வந்திருக்கணும். வர மூஞ்சி இல்ல."

"நீங்க என்ன தப்புச் செஞ்சிய?" என்றாள் முத்துவடிவு.

நிர்மலாதேவி கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். உலகம்மாள் நிர்மலாதேவியின் காலைப் பார்த்தாள். உள்ளே மெத்து வைத்து, குதிகாலில் வார் போட்ட கறுப்புச் செருப்பு. வாஷிங் மெஷினுக்குள் போட்டதும் இதே மாதிரிச் செருப்புதான்.

"எனக்கும் சுகர்தாம்மா. எனக்கும் கால் மரத்துத்தான் கெடக்கு. அன்னைக்கு வாசல்ல, 'போட்டுக்கிட்டே வாம்மா'ன்னு இவன் சொன்னான். சுகர்னு தெரிஞ்சா நீங்க பொண்ணு தர மாட்டியன்னு நான்தான் காருலயே கழத்திப் போட்டுட்டு வந்தேன்."