மீதிப் பாதி

ஈர்ப்பு விசை என்றால் என்ன என்ற கேள்விக்கு, 'பூமி கல்லை இழுப்பது' என்று பள்ளித் தாளாளரின் மகன் எழுதியிருந்தான். அறிவியல் ஆசிரியை தவமணி பாதி மதிப்பெண்தான் போட்டாள். மறுநாள் தாளாளர் எல்லா ஆசிரியர்களையும் தன் அறைக்கு வரவழைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரம் வைத்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, கால்களை நீட்டினார்.

"கால்ல விழும்மா. வேலை இருக்கும்."

தவமணி மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து, விரல்களை விரித்தாள். அது அவர் பாதத்தை ஒட்டி விழுந்தது.

"இது விழுந்துச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவோம் சார். பூமி இதை எவ்வளவு இழுத்துச்சோ, இதுவும் பூமியை அவ்வளவு இழுத்துச்சு. பூமி ரொம்பப் பெரிசு, அதனால அது நகர்ந்தது நமக்குத் தெரியலை. அந்த மீதிப் பாதியை உங்க பையன் எழுதலை."

"இப்ப விழுவியா, மாட்டியா?"

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவரையே பார்த்தாள்.

"விழ மாட்டேன் சார். இழுத்துக்கிட்டு இருக்கேன்."

நாற்காலியின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டு அவள் பக்கம் உருண்டது. தாளாளர் சட்டென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.