தேவாரம் என்றொரு ஃபோல்டர்

"இஞ்சேரும், கொம்பியூட்டர் எங்கை?"

கோயிலால் வந்த பஞ்சலிங்கம் தோளில் கிடந்த சால்வையைக்கூட எடுக்கவில்லை. மேசையில் திரையும் கீபோர்ட்டும் மட்டும் இருந்தன. பெட்டியைக் காணவில்லை.

"முன்வீட்டு லெனாட் தம்பி தன்ரை கடைக்குக் கொண்டு போட்டார்," என்றாள் மீனாம்பிகை. "பழைய ஹாட் டிஸ்க்கைக் கழட்டிப்போட்டுப் புதுசு போட்டால் உடனை திறக்குமாம். எங்கடை மகள் கோபிகாதான் கனடாவிலையிருந்து அவருக்கு எடுத்துச் சொன்னவள். பேரப்பிள்ளையளின்ரை படம் பார்க்க அரை மணித்தியாலம் அதுக்கு முன்னாலை குந்தியிருக்கிறது நான்தானே."

"என்னைக் கேளாமல் ஏன் குடுத்தனீர்? உவன் சும்மா ஒண்டும் செய்யமாட்டான். முந்தியும் ஒருக்கால் கூப்பிடாமலே வந்து, பிறின்ரரிலை கோடு விழுகுதெண்டு உள்ளுக்கிருக்கிற உருளையைக் காசு வாங்காமல் மாத்தித் தந்தவன். மீன்பிடிக்கிற குருநகரானுக்குத் தூண்டில் போடத் தெரியாதே?"

"வாயைக் கழுவுங்கோ. அவரின்ரை மனுசி றொசாந்தியின்ரை ரெண்டு பிள்ளைப்பேறுக்கும் பத்தியச் சரக்கரைச்சுக் குடுத்தது நான். அதுகள் எங்களுக்கு வஞ்சகம் செய்யுங்களே?"

பஞ்சலிங்கம் பெட்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

அந்த டிஸ்க்கில் மகளின் கலியாணப் படங்கள் இருந்தன. பேரப்பிள்ளைகளின் படங்கள் இருந்தன. 'தேவாரம்' என்றொரு ஃபோல்டரும் இருந்தது. அதற்குள் தேவாரம் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன், லெனாட்டின் மனைவி றொசாந்தி ரீச்சருக்கு எதிராக, பெயர் போடாமல் கல்விக் கந்தோருக்கு இவர் எழுதிய மொட்டைப் பெட்டிசம்தான் இருந்தது.

றொசாந்தி பின்னேரங்களில் வீட்டில் ரியூசன் கொடுப்பாள். வருகிற பிள்ளைகள் சைக்கிள்களை இவருடைய புது மதிலில் சாத்திப் பெயின்றைச் சுரண்டிவிட்டார்கள். குற்றம் அவ்வளவுதான். அதற்கெல்லாம் கந்தோர் அசையுமா? பள்ளிக்கூட நேரத்திலும் ரியூசன் நடக்கிறது என்று ஒரு பொய்யைக் கலந்தார். றொசாந்தியைத் தூரத்து மாங்குளத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் விடிய நாலரைக்கே பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

அனுப்பிய கையோடு அதை அழித்திருக்கலாம். முப்பது வருடம் கிளாக்கராக இருந்த மனுசனுக்குத் தன் எழுத்தில் தனக்கே ஒரு மயக்கம். ஆருக்கும் தோன்றாத பெயரில் பத்திரமாக வைத்திருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறியவர், லெனாட்டின் கடை இருக்கிற கோப்பாயில்தான் இறங்கினார்.

கடைக்குள் மூன்று நாலு பேர் நின்றார்கள். லெனாட் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

"வாங்கோ ஐயா. இப்பதான் முடிஞ்சுது. பழசு கரகரக்கத் தொடங்கீட்டுது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் படமெல்லாம் போயிருக்கும். புதுசுக்கு ஏத்தி, ஒவ்வொண்டாத் திறந்து சரி பாத்திட்டன்."

"ஒவ்வொண்டாயோ?"

"ஓம் ஐயா."

பயம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் பஞ்சலிங்கம்.

"மற்றவையின்ரை சாமானைத் துளாவிப் பார்க்க உமக்கு ஆர் சொன்னது? உதுதான் உம்மடை தொழிலோ?" கடைக்குள் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தியளே? இந்த ஆளை நம்பி ஒண்டையும் குடுத்திட்டுப் போகாதையுங்கோ! எடும் என்ரை பழைய டிஸ்க்கை!"

லப்டொப்பை மேசையில் வைத்திருந்த ஒரு பெண், அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

லெனாட்டின் முகம் கறுத்துப் போயிற்று. பழைய டிஸ்க்கைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தான். பெட்டியைத் தானே வெளியே தூக்கிவந்து, சைக்கிள் கரியரில் வைத்து, ரியூப்பால் கட்டத் தொடங்கினான். அப்போதுதான், ஒருவருக்கும் கேளாத மாதிரிச் சொன்னான்.

"ஐயா, ஒண்டை மட்டும் புதுசுக்கு ஏத்தேல்லை. தேவார ஃபோல்டரை. அது பழசோடையே கிடக்கட்டும். இதிலை மீனாம்பிகை அம்மாவும் படம் பார்க்கிறவ."

பஞ்சலிங்கத்துக்குக் காது இரண்டும் சுட்டன. கையில் இருந்த பேப்பர்ப் பொட்டலத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"தம்பி... இண்டைக்குத்தான் பாத்தனீரோ?"

"இல்லை. மூண்டு வருசமாத் தெரியும். விசாரணையிலை றொசாந்தியிட்டை அந்தப் பெட்டிசத்தின்ரை கொப்பியைக் குடுத்தவை. தாளின்ரை இடப்பக்கம் மேலையிருந்து கீழை மட்டும் ஒரு கறுப்புக் கோடு. உங்கடை பிறின்ரரிலை விழுகிற கோடு ஐயா. அதை எனக்குத் தெரியாதே?"

இவ்வளவு நாளும் தூண்டில் என்று நினைத்தது பஞ்சலிங்கத்தின் தொண்டையில் வந்து சிக்கியது.

"அதைக் கந்தோரிலை காட்டியிருந்தால் இடமாற்றம் நிண்டிருக்குமே! நீர் ஏன் வந்து உருளையை மாத்தினனீர்?"

லெனாட் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"ஆர் எழுதினதெண்டு பள்ளிக்கூடத்துத் தாய்தேப்பன்மார் தேடத் தொடங்கீட்டினம். கோடு பிடிபட்டால், தனக்குச் சரக்கரைச்சுத் தந்த அம்மா ஊருக்குள்ளை தலைநிமிர்ந்து நடக்க ஏலாதெண்டு, றொசாந்திதான் என்னை அனுப்பினவ."